எங்கள் செக்‌ஷனில் கருவி கொடுப்பது ஏன் நின்றது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சரியாக இருக்காது. நான்காம் வகுப்போடு நின்றவன். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்று இன்றும் எனக்குத் தடுமாற்றம்தான். அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன மாதம் படப்பை டீக்கடையில் குமரேசன் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் இப்போது அசெம்பிளி லைனில் இருக்கிறார். சங்க மலருக்குப் பழைய ஆட்களிடம் எழுதி வாங்குகிறார்.

“அண்ணே, இப்பல்லாம் ஆயுத பூஜைக்கு ஹாட் பாக்ஸ் குடுக்கறாங்க. உங்க டைம்ல உளி, ரம்பம்னு குடுப்பாங்களாமே? ஏன் நிறுத்திட்டாங்க? அதப் பத்தி எழுதுங்களேன்” என்றார்.

பக்கத்தில் நின்ற ஒருவர், “மரப்பெட்டி செக்‌ஷனையே மூடிட்டாங்க இல்ல? அப்பறம் உளி யாருக்குக் குடுப்பாங்க?” என்றார்.

நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை. செக்‌ஷனை மூடியது போன வருஷம். பெட்டியை வெளியே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி எங்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் கருவி கொடுப்பது 2001-ஆம் வருஷத்தோடேயே நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் வேறு. அதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது.

நான் தச்சு வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கதவு, ஜன்னல் செய்துகொண்டிருந்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது, 1997-இல், இங்கே பேக்கிங்கில் சேர்ந்தேன். வெளிநாடு போகும் இயந்திர பாகங்களுக்கு மரப்பெட்டி அடிக்க வேண்டும். நாங்கள் எட்டுப் பேர். எங்கள் சூப்பர்வைசர் பலராமன் சார். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார்.

பலராமன் சார் யாரையும் ‘வா, போ’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட ‘வாங்க’ என்பார். ஒருவர் செய்த வேலை சரியில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லமாட்டார். என்னைப் போலக் கூச்சப்படுகிறவனுக்கு அப்படி ஒரு மேலாள் கிடைப்பது பெரிய விஷயம்.

ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களுக்கு ஏதாவது கொடுக்க எல்லா செக்‌ஷனுக்கும் கம்பெனி ஒரு தொகை ஒதுக்கும். மற்ற செக்‌ஷன்களில் டிபன் கேரியர், பெட்ஷீட் என்று வாங்கினார்கள். பலராமன் சார் மட்டும் ஆளுக்கு ஒரு கருவி வாங்குவார். எல்லோருக்கும் ஒரே கருவி இல்லை. புரட்டாசி பிறந்ததும் ஒவ்வொருவரிடமும் வந்து, “பெட்டியைத் திறக்கலாமா?” என்று கேட்பார். உளியை எடுத்துக் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் முனை மழுங்கியிருக்கிறது, நகத்தைப் பிடித்தால் கூர் இருக்கிறது என்று அர்த்தம். சாணை பிடித்துப் பிடித்து உளி எவ்வளவு குட்டையாகிவிட்டது என்று மடிப்பு ஸ்கேலை வைத்து அளப்பார். ரம்பத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பல்வரிசையைப் பார்ப்பார். எதையும் எழுதிக்கொள்ளமாட்டார். “சரி, மூடிக்கோங்க” என்று போய்விடுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிப்பையோடு பாரிமுனைக்குப் போய் எட்டுப் பேருக்கும் தானே பொறுக்கி எடுத்து வருவார். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, அட்டையில் பெயர் எழுதித் தொங்கவிடுவார்.

1998-இல் எனக்கு, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மூலைமட்டம் வந்தது. என்னிடம்தான் ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். வீட்டில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் என் பழைய மட்டம் அரை நூல் சாய்ந்திருப்பது தெரிந்தது. அந்த வருஷம் முழுக்க நான் அடித்த பெட்டிகள் எல்லாம் கோணல். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலைமட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பொட்டலங்கள் எல்லாமே அப்படித்தான். பிரித்துப் பார்த்தால் உன் வேலையில் என்ன குறை என்று தெரிந்துவிடும். சுடலைமுத்துவுக்கு ஒரு வருஷம் ரம்பப் பல் தீட்டுகிற அரம் வந்தது.

“இன்னா முத்து, சாரு உனுக்குப் பல்பொடி வாங்கி வந்துகீறாரு?” என்று எங்களில் மூத்தவரான கோவிந்தன் சொல்ல, செக்‌ஷனே சிரித்தது.

“சிரியும், சிரியும். உமக்கு அடுத்த வருசம் கண்ணாடி வரும் பாரும். ஆணி ஒரு பக்கம், சுத்தி ஒரு பக்கம் போவுது உமக்கு” என்றான் முத்து.

முத்து சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மனைவி செல்வியோடு படப்பையில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தான். என்னை ‘அண்ணாச்சி’ என்பான். நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். அவன் என்னையும் சேர்த்து இரண்டு பேருக்குப் பேசுவான். “அண்ணாச்சி, உம்ம இழைப்புளி இழைக்கல, சொறியுது” என்பான். அவனிடம் நான் கோபித்துக்கொண்டதே இல்லை. அவன் காண்டிராக்ட்டில்தான் இருந்தான். 2001-இல் அவனை நிரந்தரமாக்கும்படி பலராமன் சார் எழுதி அனுப்பியிருந்தார்.

பூஜை முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நடந்தது புரியும்.

எங்களிடம் ஒரு அறுப்பு மிஷின் இருந்தது. இரும்பு மேஜை, நடுவில் வட்ட ரம்பம். ரம்பத்துக்கு மேலே ஒரு இரும்பு மூடி. நாங்கள் அதைத் தொப்பி என்போம். இரண்டு போல்ட்டில் நிற்கும். பூஜைக்கு முதல் நாள் மெயினை அணைத்து, தூள் தட்டி, ரம்பத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுவோம். தொப்பியை மட்டும் திரும்ப மாட்டமாட்டோம். ரம்பத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூச்சரம் போட வேண்டுமே. “தொப்பி போட்டா சாமிக்கு மூஞ்சி எங்க தெரியும்?” என்பார் கோவிந்தன். கைக்கருவிகளையெல்லாம் அதற்கு முன்னால் வரிசையாக அடுக்கி, பொட்டலங்களையும் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். கற்பூரம் காட்டிய பிறகு எந்தக் கருவியையும் தொடக்கூடாது.

மறுநாள் விஜயதசமி. கம்பெனிக்கு விடுமுறைதான். ஆனாலும் எங்கள் எட்டுப் பேருக்கு மட்டும் காலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வைத்திருந்தார் சார். முதலில் பெரிய மிஷினை ஓட்டி ஒரு பைன் பலகையை அறுக்க வேண்டும். அதுவரை சின்னக் கருவிகளைத் தொடக்கூடாது. அறுத்த துண்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்து, அவரவர் பொட்டலத்தைப் பிரித்து, புதுக் கருவியால் அதில் முதல் வேலை செய்வோம். விழுந்த சீவலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்தில் செருகி வைப்போம்.

தொப்பியை மாட்டுகிற ஸ்பேனரும் கருவிதானே? அதுவும் வரிசையில்தான் இருக்கும். அதைத் தொட வேண்டுமானால் முதல் அறுப்பு முடிய வேண்டும். அதனால் எல்லா வருஷமும் அந்த முதல் அறுப்பு தொப்பி இல்லாமல்தான் நடந்தது. ஒரே ஒரு வெட்டு. யாருக்கும் எதுவும் ஆனதில்லை. முதல் அறுப்பு முடிந்ததும் தொப்பியை மாட்டுவது என் வேலை. ஸ்பேனர், போல்ட் டப்பா இரண்டும் என் பொறுப்பில் இருந்தன.

2001 பூஜைக்கு முதல் நாள் மாலை பலராமன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏழுமலை, இந்த வருஷம் தொப்பியை மாட்டிட்டுதான் சுவிட்ச் போடணும். ஸ்பேனரைப் பூஜையில வைக்காதீங்க. தனியா வைங்க. விஜயதசமி காலையில வந்ததும் மாட்டிடுங்க. நான் வர லேட்டானாலும் நீங்க பாத்துக்கோங்க.”

“சரி சார்” என்றேன்.

ஸ்பேனரை ஜன்னல் கட்டையில் எடுத்து வைத்தேன். சார் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் பூஜை நேரத்தில் சார் மெயின் ஆபீஸ் பூஜைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது கோவிந்தன் கண்ணில் அது பட்டுவிட்டது.

“இன்னாபா ஏழுமலை, எல்லாத்தியும் வெச்சிட்டு ஸ்பேனர மட்டும் ஒதுக்கி வெச்சிகினு கீற? அது இன்னா பாவம் பண்ச்சி? வருஷம் பூரா வேல வாங்கிக்கினு இன்னிக்கி வெளிய நிக்க வெப்பியா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. ஏழு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. கோவிந்தன் சொன்னதிலும் எனக்கு உள்ளுக்குள் சம்மதம் இருந்தது. ஸ்பேனரை எடுத்து, துடைத்து, குங்குமம் வைத்து வரிசையில் வைத்தேன். கற்பூரம் காட்டினார்கள்.

விஜயதசமி வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வந்துவிட்டோம். சார் வரவில்லை. விடுமுறை நாள், பஸ் குறைவு. பத்து மணி ஆனது. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் முதல் அறுப்பு முடிந்தாக வேண்டும். அந்த வருஷம் முதல் அறுப்பு முத்துவுக்கு என்று சார் முன்பே சொல்லியிருந்தார். முத்து புதுச்சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தான்.

பத்தேகாலுக்குக் கோவிந்தன், “சாரு வந்தா வரட்டும்பா. நேரம் போவுது. போடு” என்றார்.

முத்து மேஜைக்கு முன்னால் போய் நின்றான். பலகையை எடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சி, தொப்பி மாட்டலியா?”

ஸ்பேனர் அவன் காலுக்குப் பக்கத்தில் வரிசையில் கிடந்தது. குனிந்து எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. தொடக்கூடாத கருவியைத் தொட்டுவிட்டான் என்று வருஷம் முழுக்கப் பேசுவார்களே என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் ஒன்றும் ஆகவில்லையே என்றும் நினைத்தேன்.

“எப்பவும் போலத்தானப்பா. ஒரே வெட்டு. போடு” என்றேன்.

அவன் சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான்.

மேஜையில் கட்டியிருந்த கதம்பச் சரம் ராத்திரியில் வாடித் தளர்ந்திருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ரம்பம் வேகம் எடுத்ததும் சரத்தின் நுனி ஆடியபடி ரம்பத்தின் பக்கம் போனது. சாமிக்குப் போட்ட பூ அறுபடக்கூடாது என்று முத்து கையை நீட்டினான். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் நீட்டியிருப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை அது. தொப்பி இருந்திருந்தால் பூ அங்கே போயிருக்காது. கையும் போயிருக்காது.

வலது கை. நாலு விரல். கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. அதற்கு மேல் அதை நான் எழுதமாட்டேன்.

செக்யூரிட்டி வேனில் கோவிந்தனும் இன்னொருவரும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வேன் கேட்டைத் தாண்டுகிற நேரத்தில் பலராமன் சார் வந்தார். கையில் எங்களுக்காகப் பொரியும் சுண்டலும் இருந்தன. உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். பெஞ்சின் மேல் கிடந்த தொப்பியைப் பார்த்தார். வரிசையில் குங்குமத்தோடு இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பொரிப் பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வேனுக்குப் பின்னால் ஆட்டோ பிடித்துப் போனார்.

நாலு நாள் கழித்து விசாரணை. மெயின் ஆபீசில் ஒரு அதிகாரி, பக்கத்தில் எழுதுவதற்கு ஒருவர். சுவரோரம் இன்னும் இரண்டு பேர். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது.

“மூடியைக் கழட்டினது யாரு?”

“பூஜைக்கு எல்லாரும் சேந்துதான் சார்.”

“திரும்ப மாட்டறது யார் வேலை?”

நான் பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அது பாதிதான். மீதிப் பாதியை இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும்போது ‘நான்தான்’ என்று வாய் திறந்து சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிகாரிக்கு அவசரம். அவரே சொன்னார். “மிஷின் ஓட்டறவன்தானே மாட்டிக்கணும்?”

நான் தலையை ஆட்டினேன்.

பக்கத்திலிருந்தவர் ஆங்கிலத்தில் எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். ‘ழு’ சரியாக விழுந்திருக்கிறதா என்று அப்போது பார்த்தது நினைவிருக்கிறது.

அவர்கள் எழுதிய முடிவு இது. மூடியை மாட்டாமல் மிஷினை ஓட்டியது சுடலைமுத்துவின் தவறு. நேரத்துக்கு வராதது சூப்பர்வைசரின் தவறு. பலராமன் சார் என் பெயரைச் சொல்லவில்லை. “என் செக்‌ஷன், என் பொறுப்பு” என்று மட்டும் சொன்னாராம். அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். முத்துவுக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள். அவன் தப்பு இல்லை என்று எழுதியிருந்தால் நிரந்தரமாக்கி, ஸ்டோரிலோ கேட்டிலோ ஒரு வேலை போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதற்கு முன் ஒருவருக்கு அப்படிக் கொடுத்தும் இருக்கிறார்கள். முத்துவின் காண்டிராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை.

பொட்டலங்கள் எட்டும் பிரிக்காமலேயே கிடந்தன. மாற்றல் ஆகிப் போகிற அன்று சார் அவற்றை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக என்னிடம் வந்தார். என் பொட்டலத்தோடு முத்துவின் பொட்டலத்தையும் கொடுத்தார்.

“இதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க, ஏழுமலை.”

“சரி சார்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குச் சாயந்தரம் நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு சார்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

முத்து வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கையில் பெரிய கட்டு. செல்வி காபி கொண்டுவந்து வைத்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சணலைப் பல்லால் கடித்து இடது கையால் பிரித்தான். உள்ளே ஒரு இழைப்புளி. புதுசு. அவனுடைய பழைய இழைப்புளியில் வாய் உடைந்திருந்ததை சார் பார்த்திருக்கிறார்.

முத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நல்ல சாமானுல்லா அண்ணாச்சி. என்ன, தள்ளுறதுக்கு ரெண்டு கை வேணும்” என்று சிரித்தான்.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

“அண்ணாச்சி, நீரு உள்ளதச் சொல்லிருப்பீரு. நீரு சொல்லியும் அந்தப் பய எம் மேலயே எழுதிப்புட்டான் பாத்தீரா?” என்றான்.

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“திங்கக்கிழமை செல்வி ஆபீசுக்குப் போறா. கேட்டுல பத்து மணிக்கு நிப்பா. நீரும் கூடப் போயி இன்னொரு வாட்டி சொல்லும். நா கேட்டேன், நீருதான் போடச் சொன்னீருன்னு சொன்னா, உம்மள ஒண்ணும் செய்ய மாட்டாவ. நீரு பெர்மனெண்டு. எனக்கு ஒரு வாட்ச்மேன் வேலயாச்சும் கெடைக்கும்.”

“வரேன் முத்து” என்றேன்.

கிளம்பும்போது இழைப்புளியை என் கையில் திணித்தான். “இத நீரு கொண்டு போரும். எனக்கு எதுக்கு? பொங்கலுக்கு நா உமக்குக் குடுத்ததா இருக்கட்டும்.” நான் வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். ஞாயிறு ராத்திரியே ஆள் விட்டு, காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். பத்து மணிக்கு நான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருந்தால் செல்வி தேடி வந்துவிடுவாளோ என்ற பயம். அவள் பன்னிரண்டு மணி வரை கேட்டில் நின்றாள் என்று செக்யூரிட்டி பிறகு சொன்னான். என்னைத் தேடி யாரும் வரவில்லை. பத்து நாள் கழித்து நான் அவர்கள் அறைக்குப் போனபோது பூட்டியிருந்தது. ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். எந்த ஊர், என்ன விலாசம் என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கருவி எதுவும் பரிசாகக் கொடுக்கக்கூடாது, மிஷினை மூடியில்லாமல் பூஜையில் வைக்கக்கூடாது என்று. அந்த வருஷத்திலிருந்து ஹாட் பாக்ஸ். குமரேசன், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

இழைப்புளி என்னிடம் இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை என்று எழுதலாம். படிக்கிறவர்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் அது பொய். நாலு வருஷம் அதில்தான் இழைத்தேன். நன்றாக இழைக்கும்.

போன வருஷம் ஓய்வுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அங்கிருந்த அலுவலரிடம் பழைய விபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். “அந்தக் கேஸ் முடிஞ்சு போச்சு ஐயா. ஃபைலே இப்ப இருக்காது. இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க” என்றார். அவர் சொன்னது சரிதான். இதை எழுதுவதால் முத்துவுக்கு வேலை வரப்போவதில்லை. விரல் வரப்போவதில்லை. அவன் இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கும் இதனால் மனது லேசாகவில்லை. எழுத எழுத இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் கம்பெனிக் காகிதத்தில் அவன் தப்பு என்று இருக்கிறது. வேறு ஏதாவது ஒரு காகிதத்திலாவது அது மாறி இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். இதை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

அறுப்பு மிஷினுக்கு மூடி மாட்டுவது என் வேலை. மாட்டச் சொல்லி சூப்பர்வைசர் என்னிடம் சொல்லியிருந்தார். மாட்டவில்லையா என்று சுடலைமுத்து என்னைக் கேட்டான். வேண்டாம், போடு என்று சொன்னது நான். அவன் மேல் எந்தத் தவறும் இல்லை.

இப்படிக்கு,
ஏழுமலை
படப்பை
14.8.2006, திங்கட்கிழமை